விலைக்குக் கேட்கிறோம், விற்க மறுக்கின்றனர்!

(மட்டக்களப்பில் நூலக ஆர்வலர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நூலகங்களைப் பற்றிப் பேசும்படி நம்மைப் பணித்திருக்கின்றீர்கள். நூலகம் என்றதும், கட்டடம் போதாது, நூல்கள் போதா, பணம் போதாது என்ற முறையீடுகளையே எதிர்பார்த்திருப்பீர்கள். அவையெல்லாம் உண்மையே. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பணம் இருந்தும் வாங்க முடியாத ஒன்றைப் பற்றியே பேசப் போகின்றோம். பொருள் இருக்கின்றது, பொருளுக்கு உடையவன் இருக்கின்றான், விலை கொடுக்க ஆயத்தமாக நூலகமும் நிற்கின்றது. எனினும் வாணிகம் நடைபெறுவதில்லை. அப்பொருள் யாது? திரைப்படம்!

நூலகத்துக்குத் திரைப்படம் எதற்கு என்று சிலர் நகைக்கக்கூடும். பொழுதுபோக்குக்கான படத்தைப் பற்றி நாம் பேசவில்லை. சட்டம் பயில்பவன், விவசாயம் பயில்பவன், நாடகம் பயில்பவன், சமூகவியல் பயில்பவன் ஆகிய ஒவ்வொருவனுக்கும் இன்று சில படங்கள் பாடநூலுக்கு ஒப்பானவை. ஏட்டில் நூறு பக்கம் படித்தும் விளங்காத ஒன்றை, கண்ணால் ஒரு நாழிகை கண்டு விளங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆதலின் ஆசிரியர் கேட்கின்றார், நூலகர் தேடுகின்றார், கிடைப்பதில்லை. இதுவே சிக்கல்.

நூலகம் என்பது யாது? இக்கேள்விக்கு விடை தேட நாம் மேல்நாடு செல்ல வேண்டியதில்லை. நம் ஊர் அண்ணாவியாரின் வீட்டுக்குச் செல்வோம். வடமோடிக் கூத்தாயினும் தென்மோடிக் கூத்தாயினும், அதன் ஏடு அண்ணாவியாரிடத்திலேதான் இருந்தது. அவ்வேட்டைப் பார்த்து எழுதியெடுத்த கொப்பிகளாலேயே ஓர் ஊரின் கூத்து மற்றோர் ஊரிலும் ஆடப்பட்டது. ஒரு பிரதியைக் கறையான் தின்றால் மற்றொரு பிரதி பிழைத்தது. ஏடு அண்ணாவியாரின் கையில் இருந்தது. ஆகவே கூத்து நம் கையில் இருந்தது.

முத்தமிழ் வித்தகர் விபுலானந்த அடிகளார் 1892 ஆம் ஆண்டிலே காரைதீவில் பிறந்தார். அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அச்சிலேற்றினார். பல இடங்களில் பல ஏட்டுப் பிரதிகள் பேணப்பட்டு இருந்தமையாலன்றோ அவற்றை ஒப்புநோக்கி அவர் அச்சிட முடிந்தது? அச்சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடியாகக்கொண்டே அடிகளார் பழந்தமிழிசையை ஆராய்ந்து, 1947 ஆம் ஆண்டில் ‘யாழ் நூல்’ வெளிவரச் செய்தார். ஊர் பேர் தெரியாத ஒருவர் ஒரு பிரதியைப் பேணி வைத்தார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் நம்மவர் ஒருவர் அதிலிருந்து ஒரு புதையலை எடுத்தார். இதுவே நூலகத்தின் வேலை. வாங்குதல், வைத்தல், கொடுத்தல், காத்தல் என்னும் நான்கும் சேர்ந்ததே நூலகம். முதற்செயலாகிய வாங்குதலே நடைபெறாவிடில் மற்றை மூன்றும் எங்ஙனம் நடைபெறும்?

திரைப்படத்தையும் நூலகங்கள் அண்மைக்காலம் வரை இவ்வாறே கையாண்டு வந்தன. முதலில் ஒளிநாடா வந்தது. பின்னர் இறுவட்டு வந்தது. கடையில் விலை கொடுத்து வாங்கி, பதிவேட்டில் இலக்கமிட்டு, அலுமாரியில் அடுக்கினர். ஆசிரியர் கேட்டால் எடுத்துக் கொடுத்தனர். பத்தாண்டு கழித்து வேறோர் ஆசிரியர் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுத்தனர். விற்றவன் இடையில் வந்து, யார் பார்த்தார், எத்தனை முறை பார்த்தார் என்று கேட்கவில்லை.

இன்று நிலை மாறிவிட்டது. இணையவழியே மட்டும் ஓடவிடப்படும் படங்கள் பெருகிவிட்டன. 2020 ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க் காலத்திலே திரையரங்குகள் மூடப்பட்டபோது, ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ ஆகிய தமிழ்ப்படங்கள் திரையரங்கைத் தொடாமலே அமேசன் பிரைம் தளத்தில் வெளிவந்தன. 2021 இல் ‘சார்பட்டா பரம்பரை’யும் ‘ஜெய் பீம்’ படமும் அவ்வழியே வந்தன. றொட்டர்டாம் திரைப்பட விழாவில் 2021 ஆம் ஆண்டின் முதற்பரிசாகிய புலி விருதைப் பெற்ற ‘கூழாங்கல்’, 2023 இல் சோனி லிவ் தளத்திலே வெளியாயிற்று. அஞ்சல்வழியே இறுவட்டுகளை வாடகைக்கு அனுப்பி வளர்ந்த நெற்ஃபிளிக்ஸ் நிறுவனமே, 2023 செப்ரெம்பரில் அந்த இறுவட்டுச் சேவையை அடியோடு நிறுத்திவிட்டது. காலம் எத்திசையில் செல்கின்றது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஒரு கல்வி நிறுவனத்தின் நூலகர் அண்மையில் நம்மிடம் தம் துன்பத்தைக் கூறினார். நிறுவனத்தின் பெயரும் அவர் பெயரும் இங்கு வேண்டாம். விரிவுரையாளர் ஒருவர் ‘ஜெய் பீம்’ படத்தைக் கேட்டாராம். பொலிஸ் காவலில் இறந்த குறவர் குலத்தவர் ஒருவருக்காக வழக்கறிஞர் சந்துரு ஆட்கொணர்வு மனுவைக்கொண்டு நடத்திய உண்மை வழக்கைத் தழுவியது அப்படம் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆட்கொணர்வு என்றால் என்னவென்று நம் மாணவர்க்கு விளக்க அதனினும் தக்க படம் வேறுண்டோ? நூலகர் கடைகளில் தேடினார். விற்பனைக்கான இறுவட்டு அவருக்குக் கிடைக்கவில்லை. இணையத் தளத்திலே சந்தா கட்டலாமே என்று எண்ணினார். அத்தளத்தின் நிபந்தனைகளைப் படித்தார். தனியாள் ஒருவர் தம் சொந்தப் பயனுக்காகப் பார்ப்பதற்கே அச்சந்தா உரியது என்று அங்கே எழுதப்பட்டிருந்தது. நூலகம் தனியாள் அன்று. வகுப்பறை வீடு அன்று. நூலகத்துக்கென விற்கும் வழி ஏதும் அங்கே இல்லை. நூலகர் கணினியை மூடிவிட்டு எழுந்தார்.

நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் சில ஆவணப்படங்களுக்கு மாத்திரம் ஒரு சலுகை வழங்கியிருக்கின்றது. கல்விக்காக, இலாபமின்றி, அப்படங்களைக் காட்டலாம்; ஆண்டுதோறும் தவணைக்கு ஒருமுறை காட்டுவதும் தவறில்லை என்கின்றது. நன்று! ஆனால் எந்தப் படத்துக்குச் சலுகை என்பதை அந்நிறுவனமே தீர்மானிக்கும். காட்டுவதும் சந்தா வைத்திருக்கும் ஒருவரின் கணக்கின் வழியாகவே நிகழ வேண்டும். ஆசிரியர் தம் சொந்தப் பணத்தில் சந்தா கட்டினால் வகுப்பு நடைபெறும். அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் படமும் அவருடன் சென்றுவிடும். நூலகத்தின் அலுமாரியில் ஒன்றும் எஞ்சாது.

‘இதெல்லாம் படித்தவர்களின் கவலை, நமக்கென்ன?’ என்று உழவர் பெருமக்கள் எண்ணலாம். எண்ண வேண்டாம். படுவான்கரையில் வயல் செய்வோர்க்கு யானையின் கதையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. குலை தள்ளிய வாழையையும் கதிர் முற்றிய வேளாண்மையையும் ஓரிரவில் இழந்தவர்கள் இக்கூட்டத்திலேயே இருப்பீர்கள். உயிரையே இழந்த குடும்பங்களும் உண்டு. 2023 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கை முழுவதிலும் நானூறுக்கு மேற்பட்ட யானைகள் மாண்டன. யானைகளால் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதர் மாண்டனர்.

இவ்வேளையில், முதுமலைக் காட்டின் தெப்பக்காட்டு முகாமிலே தாயிழந்த யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்னும் இருவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 2022 இல் நெற்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளிவந்தது. ‘எலிபன்ற் விஸ்பரர்ஸ்’ என்பது அதன் பெயர். கார்த்திகி கொன்சால்வஸ் என்னும் பெண்மணி இயக்கிய அப்படம், 2023 மார்ச்சில் குறும் ஆவணப்படத்துக்கான ஒஸ்கார் பரிசைப் பெற்றது. அதில் வருவோர் பேசுவது தமிழ்! யானையை அடித்துத் துரத்துவதும் மின்வேலி இடுவதும் அன்றி, யானையின் இயல்பை அறிந்து வாழும் மக்களின் அறிவு அதில் இருக்கின்றது. அது நம் வயலின் துன்பத்தைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வந்தாறுமூலையில் விவசாயம் பயிலும் உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்து விவாதிக்க வேண்டாமா? தமிழிலே பேசும் அப்படத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக வாங்கி வைக்கத் தமிழ் மாவட்டத்து நூலகத்தால் இயலாதென்றால், அந்நிலையை என்னென்பது?

இதை முதிய உழவர் ஒருவரிடம் நாம் விளக்கியபோது அவர் சற்றுச் சிந்தித்து, “அப்படியெண்டா தம்பி, இது உறுதிக் காணியில்ல, குத்தகைக் காணி” என்றார். நாம் ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல முடியாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உறுதிக் காணியில் தென்னை நடலாம். பேரப்பிள்ளை தேங்காய் பறிப்பான். குத்தகைக் காணியில் எவன் தென்னை நடுவான்? போகம் முடிந்ததும் காணிக்காரன் ‘எழும்பு’ என்றால் எழும்ப வேண்டியதுதான். இணையத் திரைப்படத்தின் நிலை அதனினும் மோசமானது. நூலகத்துக்கு அக்குத்தகையும் இல்லை!

குத்தகைக்காரனின் அச்சம் வெறும் கற்பனையன்று. 2009 ஆம் ஆண்டில் அமேசன் நிறுவனம், ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய நூல்களின் சில மின்பதிப்புகளை, பணம் கொடுத்து வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே ஒரேயடியாக நீக்கியது. விற்றவர்க்கு உரிமையில்லை என்பது காரணம். பின்னர் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. ஆனால் நீக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. 2024 ஜனவரியில் ‘அன்னபூரணி’ என்னும் தமிழ்ப்படம், முறைப்பாடுகள் எழுந்ததும் நெற்ஃபிளிக்ஸ் தளத்திலிருந்து எடுக்கப்பட்டது. அப்படம் நல்லதா, தீயதா என்ற வழக்குக்குள் நாம் புகவில்லை. ஒன்றையே கேட்கின்றோம்: ஒரு நூலின்மீது முறைப்பாடு எழுந்தால், அந்நூலை நூலகத்தில் எடுத்துப் படித்துத் தீர்ப்புச் சொல்லலாம். படம் ஒரே பொத்தானில் மறைந்துவிட்டால், எதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது?

அழிவு என்னவென்று நாம் அறிவோம். 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டுப் படச்சுருள்கள் கருகின. 1962 இல் ‘சமுதாயம்’, 1963 இல் ‘தோட்டக்காரி’ என்று தொடங்கிய இலங்கைத் தமிழ்ப்படங்களைப் பார்த்தவர் இச்சபையில் எத்தனை பேர்? கை உயர்த்துங்கள். பார்த்தீர்களா! நம்மவர் ஆக்கிய படங்களையே நாம் அறியோம். பிரதிகள் பல நூலகங்களில் பரந்து இருந்திருப்பின் இந்நிலை வந்திருக்குமோ?

தீ வைத்தவனையும் வியாபாரம் செய்பவனையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. அஃது அநீதி. ஆனால் ஒரு பிரதி ஒரே இடத்தில் மட்டும் இருப்பது ஆபத்து என்ற பாடத்தை நாம் அதிக விலை கொடுத்துப் படித்தவர்கள். அப்பாடத்தை மறக்க நமக்கு உரிமையில்லை.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். சட்டம் நமக்குப் பகையா? இல்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தல், ஆய்வு, திறனாய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாடு பதிப்புரிமையை மீறியதாகாது என்று ஏற்றுக்கொள்கின்றது. அயல்நாடாகிய இந்தியாவின் சட்டம், ஆசிரியரும் மாணவரும் பெற்றோரும் அடங்கிய சபைக்குக் கல்வி நிறுவனம் படம் காட்டுவதை வெளிப்படையாகவே அனுமதிக்கின்றது. 2016 இல் டெல்லி உயர் நீதிமன்றம், பல்கலைக்கழக மாணவர்க்காகப் பாடநூற் பகுதிகளை ஒளிப்படியெடுத்த கடையொன்றின் வழக்கில், பதிப்பாளர்களின் கோரிக்கையைத் தள்ளியது. ஆக, சட்டம் வாயிற்கதவைத் திறந்தே வைத்திருக்கின்றது. ஆனால் வீட்டுக்குள் பொருள் இல்லை! படத்தைக் காட்டும் உரிமை இருக்கின்றது. காட்டுவதற்குப் படம் இல்லை. சோறு உண்ண அனுமதியளித்துவிட்டு நெல் விற்க மறுப்பது போன்றது இது.

‘கள்ளப்பிரதி கிடைக்கின்றதே, அதைப் போட்டுக் காட்டினால் என்ன?’ என்று இளைஞர் சிலர் கேட்கின்றனர். வேண்டாம் தம்பிமாரே! பொது நிறுவனம் கள்ளப்பொருளைப் பதிவேட்டில் எழுத முடியாது. பதிவேட்டில் இல்லாத பொருள் நூலகத்தில் இல்லாத பொருளே. அன்றியும், படம் எடுப்பவன் பட்டினி கிடக்க வேண்டுமென்பது நம் கொள்கையன்று. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். நெல் விளைவித்தவனுக்கு நியாய விலை கேட்டுப் போராடும் நாம், படம் விளைவித்தவனுக்கு மட்டும் விலை கொடுக்க மறுப்போமா? நாம் இலவசம் கேட்கவில்லை. விலைக்கே கேட்கிறோம், விற்க மறுக்கின்றனர். இதுவே நமது குறை.

பணம் படைத்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதா? அங்கே நூலகங்களுக்கென்றே படம் வழங்கும் கனோபி போன்ற தளங்கள் தோன்றின. ஆயினும் அங்கும் படம் நூலகத்துக்குச் சொந்தமாவதில்லை. பார்ப்போர் கூடக்கூடக் கட்டணமும் கூடும். 2019 இல் நியூயோர்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் செலவு தாங்காது அச்சேவையைக் கைவிட்டன. நியூயோர்க்குக்கே தாங்காதது நமக்குத் தாங்குமோ? 2022 இல் ஒரு டொலரின் விலை 200 ரூபாவை அண்டிய நிலையிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. பின்னர் அது சற்று இறங்கியபோதும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. ஆண்டுதோறும் டொலரில் வாடகை கட்டும் நூலகம், நாணயம் சரியும் நாளில் அலுமாரி முழுவதையும் இழக்கும். ஒருமுறை வாங்கி வைத்த நூலகமோ எதையும் இழக்காது.

ஆகவே என் செய்வது? நான்கு காரியங்களைச் சபையின் முன் வைக்கின்றோம்.

முதலாவது: எந்த ஒரு நூலகமும் தனித்து நின்று பேரம் பேச முடியாது. தனி உழவன் ஒரு மூடை நெல்லைத் தலையில் சுமந்து சென்றால் ஆலைக்காரன் சொன்னதே விலை. ஊர் சேர்ந்து சென்றால் பேச்சு வேறு. கிழக்கு, யாழ்ப்பாணம், வவுனியா, பேராதனை, கொழும்பு என்று எல்லாப் பல்கலைக்கழக நூலகங்களும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவை முன்னிறுத்தி, ஒரே குரலாகக் கல்விக்கான உரிமத்தைக் கேட்கட்டும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் துணைக்கு அழைக்கட்டும். ஒருமுறை விலை, நிலையான பிரதி என்பதே கோரிக்கையாக இருக்கட்டும்.

இரண்டாவது: 1885 ஆம் ஆண்டுமுதல் இந்நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் இருந்து வருகின்றது. நூலைக் காப்பது அரசின் கடமையென்றால், திரைப்படத்தைக் காப்பதும் அதன் கடமையே. இந்நாட்டில் ஆக்கப்படும் ஒவ்வொரு படமும், அது திரையரங்கில் வரினும் இணையத்தில் வரினும், ஒரு பிரதி பொதுக்காப்பில் வைக்கப்பட வேண்டும். பாராளுமன்றம் செல்லும் நம் பிரதிநிதிகள் இதனை அங்கே எழுப்பல் வேண்டும்.

மூன்றாவது: படம் எடுக்கும் தமிழர்க்கு ஒரு வேண்டுகோள். பெரிய தளத்துடன் ஒப்பந்தம் எழுதும்போது, ‘கல்வி நூலகங்களுக்கு நான் பிரதி விற்கலாம்’ என்ற ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். அவ்வரியால் உங்கள் வருவாய் குறையாது. உங்கள் படத்தின் ஆயுள் கூடும்.

நான்காவது நம் கையிலேயே இருப்பது. ஊர்கள்தோறும் கூத்து ஆடப்படுகின்றது, இளைஞர் அதனைக் கைப்பேசியிற் படம் பிடிக்கின்றனர், குறும்படம் எடுக்கின்றனர். அவையும் எங்கோ ஓர் அந்நிய நிறுவனத்தின் தளத்தில் மட்டும் கிடக்கின்றன. அத்தளம் நாளை மூடப்பட்டால்? ஒரு பிரதியை வந்தாறுமூலைக்கும், ஒரு பிரதியைக் கல்லடியிலுள்ள விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கும், ஒரு பிரதியை உங்கள் ஊர் வாசிகசாலைக்கும் எழுத்துமூல அனுமதியுடன் கொடுங்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், தொண்டர்களின் உழைப்பால் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கச் செய்திருக்கின்றது. அச்சுக்குச் செய்ததைத் திரைக்கும் செய்ய நம்மால் முடியாதா?

அன்பர்களே! யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே 1981 ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்திலேதான் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. அதுவே 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. ஒன்று எரிந்த ஆண்டில் மற்றொன்று எழுந்தது. அதன் நூலக அலுமாரியை நிரப்பும் கடமை நம் தலைமுறையைச் சார்ந்தது.

விதைநெல்லை விற்றுத் தின்ற உழவன் இவ்வாவிக்கரையில் இல்லை. ஒவ்வொரு போகத்திலும் அடுத்த போகத்துக்கென ஒரு பங்கை எடுத்து வைத்த மக்கள் நாம். நூலகம் என்பது அறிவின் விதைநெல். அதை வாடகைக்கு எடுத்து வைக்க முடியாது. சொந்தமாக வைத்திருத்தல் வேண்டும். அவ்வுரிமையை முறையாக, ஒன்றுசேர்ந்து, விலை கொடுத்துக் கேட்போம். கிடைக்கும்வரை கேட்போம்.